தன்னைத்தானே கொத்திக்கொள்ளும் அம்மி

நான் விலங்கியல் படித்த கல்லூரியில் சோதனைக்கூடத்துக் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு கருங்கல்லைப் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டரை வருடம் அதைக் காலால் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போனோம், வெளியே வந்தோம். ஒருநாள் செருப்பு வார் பிய்ந்துபோய், வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கல் கண்ணுக்கு நேரே இருந்தது. அதில் வரி ஓடியது. ஒன்றன்பின் ஒன்றாக, நெருக்கமாக, நெளிநெளியாக.

"அண்ணா, இது என்னங்ணா?" என்று சோதனைக்கூட உதவியாளரைக் கேட்டேன்.

"ஆனைப் பல்லு. அதுக்கென்ன இப்போ?" என்றார் அவர், கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டே.

எடுத்துப் பார்த்தேன். ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். ஒரு கையால் தூக்கியதும் மணிக்கட்டு மடங்கியது. மேல்பரப்பில் கட்டைவிரலை ஓட்டினால் மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று தட்டுப்பட்டது. அந்தத் தொடு உணர்வு எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடந்த அம்மி, கொத்தி முடித்த அன்றைக்கு அப்படித்தான் இருக்கும்.

அம்மி கொத்துகிறவர் வருடத்துக்கு ஒருமுறை தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். அரைத்து அரைத்து வழவழவென்று ஆன அம்மியில் மிளகாய் வழுக்கும், மசியாது. அவர் உளியை வைத்துச் சின்னச் சின்னதாகக் குத்திக்கொண்டே போவார். புதுப் பள்ளம் விழுந்ததும் அம்மி மறுபடி கடிக்கும். யானையின் கடைவாய்ப்பல்லுக்கு அந்த ஆள் தேவையில்லை. அதில் மூன்று சரக்கு இருக்கிறது: கண்ணாடி மாதிரிக் கெட்டியான எனாமல், அதைவிட மெதுவான தந்தினி, இரண்டையும் ஒட்டிப் பிடிக்கும் சிமெண்ட். தகடு தகடாக, அப்பளக்கட்டைச் சாய்த்து வைத்ததுபோல அடுக்கியிருக்கும். மென்று தின்னத் தின்ன மெதுவானது சீக்கிரம் தேயும், கெட்டியானது மேடாக நிற்கும். தேயத் தேயத் தன்னைத்தானே கொத்திக்கொள்ளும் அம்மி அது.

ஆனாலும் ஒருநாள் தீர்ந்துபோகும். நமக்குப் பால்பல் விழுந்த இடத்தில் கீழிருந்து புதுப்பல் முளைக்கிறது. யானைக்குப் புதுப்பல் தாடையின் பின்பக்கம் உருவாகி, கோயில் வரிசை நகர்வதுபோல முன்னே நகர்ந்து வரும். முன்னால் இருப்பது தேய்ந்து துண்டு துண்டாக உதிரும். தாடையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆறு பற்கள், மொத்த ஆயுளுக்கும் அவ்வளவுதான். ஆறாவதும் தேய்ந்து முடிய அறுபது வயதை ஒட்டி ஆகும். அதற்குப் பிறகு காட்டு யானையால் புல்லை அரைக்க முடியாது. வயிறு நிறையத் தின்றும் மெலியும். என் பாட்டிக்குப் பல் போனபிறகு வெற்றிலையை இடிக்க ஒரு சின்ன இரும்பு உரல் இருந்தது. மத்தியானம் முழுக்க டொக் டொக் என்று சத்தம் வரும். யானைக்கு இடித்துக் கொடுக்க ஆளில்லை.

அந்தச் சோதனைக்கூடத்தில் யானையின் பரிணாமம் என்று ஒரு பழைய வண்ணப்படமும் தொங்கியது. இடது ஓரத்தில் பன்றி அளவில் ஒன்று, அடுத்தது கொஞ்சம் பெரிது, அடுத்தது அதைவிடப் பெரிது, மூக்கு நீண்டுகொண்டே போய், வலது ஓரத்தில் நம் யானை ஜம்மென்று நிற்கும். தேர்வில் அதை அப்படியே வரைந்து பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தப் படம் எவ்வளவு தப்பு என்பது பல வருடம் கழித்து, இந்த அழிந்துபோன சொந்தங்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் புரிந்தது. பனைமரம்போல ஒற்றைத் தண்டாக நேரே மேலே போன கதை இல்லை இது. சீமைக் கருவேலம் மாதிரி, தரையிலிருந்தே நூறு பக்கம் கிளைத்த புதர். இதுவரை பெயர் வைக்கப்பட்ட துதிக்கை இனங்கள் 150க்கும் மேல். இன்று உயிரோடு இருப்பவை மூன்று: ஆசிய யானை, ஆப்பிரிக்கப் புல்வெளி யானை, ஆப்பிரிக்கக் காட்டு யானை.

போனவற்றில் பலவற்றை நமக்குத் தெரிந்ததே பல்லால்தான். எலும்பு நொறுங்கும், தந்தம் உளுத்துப்போகும், கடைவாய்ப்பல் மண்ணுக்குள் கிடக்கும். பெயரைக்கூடப் பல்லை வைத்துத்தான் வைத்தார்கள். மாஸ்டடான் என்றால் கிரேக்கத்தில் முலைப்பல். ஸ்டெகோடான் என்றால் கூரைப்பல்.

மாஸ்டடான் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1705இல் நியூயார்க் பக்கம் கிளாவராக் என்ற ஊரில் ஒரு குத்தகை விவசாயிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள பல் ஒன்று கிடைத்தது. அவர் அதை ஒரு கோப்பை ரம்முக்குக் கொடுத்துவிட்டார். படித்தவர்கள் கூடி, பைபிளில் வரும் ராட்சத மனிதனின் பல் என்று முடிவு செய்தார்கள். 1725 வாக்கில் தெற்குக் கரோலினாவில் ஸ்டோனோ என்ற இடத்தில் மண்ணைத் தோண்டும்போது இன்னும் மூன்று நான்கு பெரிய பற்கள் கிடைத்தன. அங்கே அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் பார்த்தார்கள். யானைப் பல் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொந்த ஊரில் யானையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது தெரியாதா? இயற்கையியலாளர் மார்க் கேட்ஸ்பி இதை எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. சொன்னவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஆனால் அவர்கள் சொன்னதுதான் சரி.

பிறகும் குழப்பம் தீரவில்லை. ஒஹாயோ ஆற்றங்கரையில் கிடைத்த பற்களில் தகடு வரி இல்லை. எனாமல் போர்த்திய மொத்தையான கூம்புகள் இருந்தன. 1768இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் இது மாமிசம் தின்னும் ஏதோ ஒரு பூதம் என்று எழுதினார். தாமஸ் ஜெபர்சனுக்கு அந்த விலங்கு மேற்கே எங்கோ உயிரோடு உலவுகிறது என்று நம்பிக்கை. ஜனாதிபதியான பிறகு ஆளனுப்பித் தோண்டி எடுத்த எலும்புகளை வெள்ளை மாளிகையிலேயே பரப்பி வைத்துப் பார்த்தார்.

முடிச்சை அவிழ்த்தவர் பாரிஸில் இருந்த ஜார்ஜ் குவியே, 26 வயதுப் பையன். 1796இல் அவர் மேசையில் இரண்டு யானை மண்டையோடுகள் இருந்தன. பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தபோது அள்ளிக்கொண்டு வந்த அருங்காட்சியகச் சாமான்கள் அவை. ஒன்று தென்னாப்பிரிக்க யானை. மற்றது இலங்கை யானை. இரண்டின் பற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இலங்கை யானையின் பல்லில் நெருக்கமான நாடாக்கள், ஆப்பிரிக்க யானையின் பல்லில் அகலமான சாய்சதுரங்கள். ஆக இரண்டும் வேறு வேறு இனம். சைபீரியப் பனியில் கிடைத்த மாமூத்தின் பல் இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. அப்படியானால் அது மூன்றாவது இனம், இப்போது எங்கும் இல்லை. ஓர் உயிரினம் பூண்டோடு அழிய முடியும் என்பதை அறிவியல் ஒப்புக்கொள்ளத் தொடங்கியது இங்கிருந்துதான். இலங்கைக் காட்டில் செத்த ஏதோ ஓர் யானையின் வாய்க்கு அதில் பங்கிருக்கிறது. மாஸ்டடானையும் பிறகு தனியாகப் பிரித்து முலைப்பல் என்று பெயரிட்டவர் குவியேதான். அது ஊன் தின்னவில்லை. அந்தக் கூம்புகள் உரலும் உலக்கையும் மாதிரி, குச்சியையும் கொப்பையும் இடித்து நொறுக்க.

உரலிலிருந்து அம்மிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கான சாட்சி நம் நாட்டிலேயே கிடைத்தது, சிவாலிக் மலைத்தொடரில்.

1832இல் சஹாரன்பூர் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பாளராக வந்தார் ஹியூ ஃபால்கனர் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். (இந்தியாவில் தேயிலை வளரும் என்று அரசாங்கத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர். நீங்கள் இதைப் படிக்கும்போது கையில் டம்ளர் இருந்தால் அவருக்கும் ஒரு வாய் சேர்த்துக் குடியுங்கள்.) அதே வட்டாரத்தில் கால்வாய் வேலை பார்த்த பொறியாளர் ப்ராபி காட்லி, பிற்பாடு கங்கைக் கால்வாயை வெட்டி 1854இல் தண்ணீர் விட்டவர். செடி பார்க்க வந்தவரும் மண் வெட்ட வந்தவரும் சேர்ந்து எலும்பு பொறுக்க ஆரம்பித்தார்கள். மலையடிவாரத்து ஜனங்களுக்கு அந்த எலும்புகள் ஏற்கெனவே பழக்கம். மின்னல் எலும்பு என்று சொல்வார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் அந்தப் பக்கம் கால்வாய் வெட்டியபோதே பூதாகரமான எலும்புகள் கிடைத்ததாகவும், யானையுடையது சில, ராட்சத மனிதருடையது சில என்று நினைத்ததாகவும் ஃபிரிஷ்டாவின் வரலாற்று நூலில் குறிப்பு இருக்கிறது. நியூயார்க்கிலும் டெல்லிப் பக்கத்திலும் ஜனங்களுக்கு ஒரே மாதிரித்தான் தோன்றியிருக்கிறது.

இருவரும் பெட்டி பெட்டியாக அள்ளினார்கள். 1837இல் லண்டன் நிலவியல் சங்கம் இருவருக்கும் சேர்த்து வொல்லாஸ்டன் பதக்கம் கொடுத்தது. பெயர் வைப்பதில் அவர்களுக்கு ஒரு ரசனை. கொம்பு கிளைத்த, ஒட்டகச்சிவிங்கி வகைப் பெரிய விலங்குக்கு சிவதேரியம், அதாவது சிவனின் விலங்கு. மிக நீண்ட தந்தங்கள் கொண்ட கூரைப்பல் யானைக்கு ஸ்டெகோடான் கணேசா.

கொல்கத்தாவில் ஒரு வேலையாகப் போயிருந்தபோது, அரைநாள் மிச்சம் கிடைத்து இந்திய அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஊர்க்காரர்கள் ஜாதுகர் என்பார்கள், மாயாஜால வீடு. ஸ்டெகோடான் கணேசாவின் மண்டையோட்டின் முன்னால் நின்றேன். முதலில் கண்ணில் படுவது தந்தங்கள்தான். பத்தடி இருக்குமா என்று கீழே தரையில் எட்டு வைத்து அளந்தேன். காவலாளி சந்தேகமாகப் பார்த்தார். நீளம் பெரிதில்லை. அவற்றின் நெருக்கம்தான் விசித்திரம். வேரில் இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிளம்புகின்றன. நடுவில் துதிக்கை தொங்க இடமே இல்லை. ஆகவே அது துதிக்கையைத் தந்தத்துக்கு மேலாக ஒரு பக்கமாகத்தான் போட்டிருக்க வேண்டும். தோளில் துண்டு போடுகிற மாதிரி. கணேசன் என்று பேர் வைத்தவர் நம் பிள்ளையாரைச் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். இவருக்கு ஒரு கொம்பு ஒடிந்தது. அதற்கு இரண்டும் முழுசாக, இடைஞ்சலாக. துதிக்கை இடம்புரியா வலம்புரியா என்பதில் மட்டும் ஒத்துப்போகலாம்.

அங்கே பக்கவாட்டில் குனிந்து பல்லைப் பார்த்தேன். மாஸ்டடானின் கூம்புகள் இரண்டிரண்டாக ஒட்டி, குறுக்கே ஒரு வரப்பானால் எப்படி இருக்கும்? ஓலைக்கூரை வேய்ந்த வீடுகளை வரிசையாகப் பார்ப்பதுபோல. அந்தக் கூரைகளை இன்னும் உயர்த்தி, ஒடுக்கி, நெருக்கி, இடையில் சிமெண்ட் பூசினால் என் கல்லூரி வாசலில் கிடந்த கல் வந்துவிடும். இதனால்தான் ஸ்டெகோடானை யானையின் தாத்தா என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா இல்லை. வேறு குடும்பம். அந்தக் கிளை தனியாக, பெரும்பாலும் ஆசியாவில் வாழ்ந்து தனியாகவே தீர்ந்தது.

எதற்காகப் பல் இப்படி மாற வேண்டும்? புல். பசும்புல் நமக்கு மெத்தென்று தெரிகிறது, ஆனால் அதற்குள் மணல் போன்ற சிலிக்கா துகள் இருக்கிறது, மேலே புழுதி வேறு. சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காடு குறைந்து புல்வெளி பரவியது. 2013இல் ஏட்ரியன் லிஸ்டர் என்ற ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்கப் புதைபடிவப் பற்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். எனாமலில் உள்ள கார்பனைப் பார்த்தால் அந்த விலங்கு தின்றது இலையா புல்லா என்று தெரியும். அவர் கண்டது: யானை வகையறா புல்லுக்கு மாறியது 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பல் நன்றாக உயர்ந்தது சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன். இடையில் 30 லட்சம் ஆண்டுகள் பொருந்தாத பல்லோடுதான் புல்லைத் தின்றிருக்கின்றன. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இது. வாய் முதலில் போய்விட்டது, பல் பின்னால் ஓடிவந்து சேர்ந்திருக்கிறது.

எல்லா வாயும் அரைப்பதற்கே முயலவில்லை. டைனோதேரியம் என்ற அழிந்துபோன சொந்தத்துக்கு மேல்தாடையில் தந்தமே கிடையாது. கீழ்த்தாடையிலிருந்து இரண்டு, கொக்கி மாதிரி கீழே வளைந்து. குஜராத்தில் காம்பாத் வளைகுடாவில் இருக்கும் பீரம் தீவிலும் அதன் எச்சம் கிடைத்திருக்கிறது. ஆற்றில் மிதந்தபடி தூங்கும்போது கரையில் நங்கூரம் போடத்தான் அந்தக் கொக்கி என்று 1836இல் வில்லியம் பக்லண்ட் எழுதினார். பாவம், அவருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை போல.

இன்னொரு சொந்தமான பிளாட்டிபெலோடானின் கீழ்த்தாடை மண்வாரி போல நீண்டு, நுனியில் இரண்டு தட்டைத் தந்தங்கள். 1930ஐ ஒட்டி அமெரிக்கக் குழு கோபி பாலைவனத்தில் கட்டுக்கட்டாகக் கண்டெடுத்தது. சதுப்பில் நீர்ச்செடியை வாரிக்கொண்டிருந்தது என்று அறுபது வருடம் பாடம் நடந்தது. பழைய புத்தகங்களில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வாரும். 1992இல் டேவிட் லாம்பர்ட் அந்தத் தந்தங்களின் தேய்மானத்தை உற்றுப் பார்த்தார். மண்ணை வாரினால் தேய வேண்டிய இடத்தில் தேயவில்லை. செடியை இழுத்து அறுத்தால் விழும் கீறல்கள் இருந்தன. நெல் அறுப்பைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இடதுகையால் ஒரு பிடி பிடித்து, வலதுகை அரிவாளால் ஓர் இழுப்பு. பிடிக்கத் துதிக்கை, இழுக்கத் தாடை. சதுப்பில் வாரியதாகப் படம் போட்டவர்கள் வயலில் இறங்கியிருந்தால் அறுபது வருடம் ஆகியிருக்காது.

தீவுகளுக்குப் போனவை சிறுத்துப் போயின. மால்டா, சிசிலித் தீவுகளில் ஒரு யானை, முழுக்க வளர்ந்த ஆணே மூன்றடியைச் சுற்றி உயரம். ஃபால்கனர் இறந்தபின் 1867இல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள், பேலியோலாக்ஸோடான் ஃபால்கனரி. மலை மாதிரி எலும்புகளைத் தேடி அலைந்தவருக்குக் கன்றுக்குட்டி அளவில் நினைவுச்சின்னம். ஸ்டெகோடானும் கடலை நீந்திக் கடந்து இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவுக்குப் போய்ச் சிறுத்தது. அங்கே மூன்றரை அடி உயர மனிதர்கள் வாழ்ந்தார்கள். 2003இல் லியாங் புவா குகையில் கிடைத்தார்களே, அவர்கள். குட்டை மனிதரும் குட்டை ஸ்டெகோடானும் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய ஒரே சமயத்தில் காணாமல் போகிறார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் என்னை அதிகம் தொட்டது காஷ்மீர் யானை. 2000ஆம் ஆண்டு, குங்குமப்பூ விளையும் பாம்போர் பக்கத்தில் ஒரு பிரம்மாண்ட மண்டையோடு கிடைத்தது, கூடவே 87 கற்கருவிகள். 2024இல் வெளியான ஆய்வு அதை பேலியோலாக்ஸோடான் டர்க்மெனிகஸ் என்றது. அதற்கு முன் அந்த வகைக்குத் துர்க்மெனிஸ்தானில் கிடைத்த ஒரே ஒரு மண்டையோடுதான் சாட்சி. மூன்று நான்கு லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆதி மனிதர்கள் அதன் எலும்பை உடைத்து மஜ்ஜை எடுத்திருக்கிறார்கள். கொன்றார்களா என்பதற்குத் தடயம் இல்லை. மண்டைக்குள் எலும்பு தாறுமாறாக வளர்ந்திருக்கிறது: நாள்பட்ட சைனஸ். மார்கழியில் ஆவி பிடித்துக்கொண்டு உட்காருகிற எனக்கு இதைப் படித்ததும் பகீரென்றது. நம் மூக்கு ஒரு அங்குலம். அதற்கு ஆறடி.

மாமூத் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நம் யானைக்கு ஆப்பிரிக்க யானையைவிட நெருங்கிய பங்காளி அதுதான். மரபணு அப்படிச் சொல்கிறது. பல்லிலும் ஒரே குடும்ப ஜாடை, நெருக்கமான தகடுகள். ஆர்க்டிக் கடலில் ராங்கல் தீவில் கடைசிக் கூட்டம் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை இருந்தது. அப்போது மொகஞ்சதாரோவில் யாரோ ஒருவர் உட்கார்ந்து முத்திரைக் கல்லில் யானையைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு உயிரோடிருக்கும் மற்ற சொந்தம் வேண்டுமென்றால் பாக் நீரிணைக்குப் போக வேண்டும். அங்கே கடலடியில் புல் மேயும் ஆவுளியா, கடற்பசு என்றும் சொல்வார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழ்நாடு அரசு அதற்குக் காப்பகமாக அறிவித்தது. வயதுக்கு வந்த ஆண் ஆவுளியாவின் உதட்டுக்குள் பார்த்தால் இரண்டு சின்னக் கொம்பு இருக்கும்.

போன மாதம் ஊருக்குப் போனவன் கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சோதனைக்கூடத்துக் கதவுக்கு இப்போது காந்தம் வைத்திருக்கிறார்கள். பழைய உதவியாளர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், புதிதாக ஓர் இளைஞர். பல்லைக் கேட்டேன். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தார். 'யானை - பல்' என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஜன்னலோரம் கொண்டுபோய் விரல் வைத்துத் தகடுகளை எண்ணினேன். முன்பக்கம் தேய்ந்து உடைந்தது போக பன்னிரண்டு. உடைந்ததையும் சேர்த்தால் பதினாறை ஒட்டி வரும். நம் யானைக்கு ஐந்தாவது பல்லில் சுமார் பதினாறு தகடு, ஆறாவதில் இருபத்துநாலு வரை. பின்பக்கத் தகடுகள் மூன்றில் தேய்மானமே இல்லை. இன்னும் ஈறைவிட்டு வெளியே வந்திருக்காது.

"இதுக்குப் பின்னாடி இன்னொரு பல்லு இருந்திருக்கணும் தம்பி. தாடை எங்கேயாவது இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் அலமாரிக்குள் மறுபடி குனிந்து, குடுவைகளை விலக்கிப் பார்த்தார். "நான் சேர்ந்தப்பவே இது ஒண்ணுதாங்க சார் இருந்துச்சு" என்றார்.